பாறைக்குப் பின்னால் கிடக்கும் காகிதம்: நெடுந்தூர நடைப்பாதைகளில் கழிவு ஏன் தீரமாட்டேன் என்கிறது

நெடுந்தூர நடைப்பாதை எதிலாவது நடந்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். இரவு தங்கிய முகாமிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு பெரிய பாறை வரும், இல்லையென்றால் ஆள் மறைகிற உயரத்துக்கு ஒரு புதர். அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் கசங்கிய வெள்ளைக் காகிதம், காய்ந்துபோன வெட் வைப்ஸ், சில இடங்களில் மேலே ஒரு கல்லை மட்டும் வைத்து மறைத்த மலம். முதலில் அங்கே போனவருக்கு அது நல்ல ஒதுக்குப்புறமாகத் தெரிந்திருக்கும். அவருக்குப் பின்னால் வந்த நூறு பேருக்கும் அதே பாறைதான் ஒதுக்குப்புறமாகத் தெரிந்தது, அவ்வளவுதான் நடந்தது.

ஜனங்களுக்கு ஒழுக்கமில்லை என்று சொல்லி இதை முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கி.மீ. போகிறது. 1937-ல் அது முழுமையடைந்தபோது அதில் நடந்தவர்கள் சொற்பம். இன்று ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் அதன் ஏதாவது ஒரு பகுதியில் கால் வைக்கிறார்கள். ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதைகளை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டும் 2024-ல் ஐந்து லட்சத்தை நெருங்கினார்கள். வழியில் போகிற அத்தனை பேரும் தினமும் ஒரு தடவையாவது வெளிக்குப் போயாக வேண்டும், பெரும்பாலும் காலையில், பெரும்பாலும் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், அதாவது எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிற அந்த நேரத்தில். நல்லவர்களாக இருந்தாலும் கெட்டவர்களாக இருந்தாலும் உடம்பு ஒன்றுதான். ஓர் இடத்தில் எத்தனை பேர் தங்குகிறார்கள், அந்த மண் எவ்வளவு தாங்கும், மண் தாங்காத மிச்சத்தை யார் சுமந்து கீழே கொண்டுபோவார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வைத்திருக்கிற பாதை சுத்தமாக இருக்கிறது, வைத்திருக்காத பாதை நாறுகிறது. மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை.

குப்பை, மலம் இரண்டில் குப்பையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபமானது. பாட்டில், டின், கிழிந்த கூடாரம் போன்ற பெரிய குப்பை கண்ணில் படும், யாராவது எடுத்துவிடுவார்கள். தங்கிப்போவது சின்னக் குப்பை. சாக்லேட் உறையைக் கிழிக்கும்போது தனியாகக் கையோடு வந்துவிடுகிற அந்த ஒரு மூலை, மாத்திரை அட்டையின் ஒரு துணுக்கு, பிளாஸ்திரியின் பின்காகிதம், சிகரெட் துண்டு. சிகரெட்டின் பில்டர் பார்க்கப் பஞ்சு மாதிரி இருந்தாலும் அது செல்லுலோஸ் அசிடேட் என்கிற பிளாஸ்டிக்தான், மழையில் கரைந்துபோகாது. இதற்குத் தீர்வு பாதையில் இல்லை, கிளம்புவதற்கு முந்தின நாள் இருக்கிறது: சாப்பாட்டுப் பொருட்களின் வெளி அட்டை, உள் உறை எல்லாவற்றையும் பிரித்து ஒரே பையில் கொட்டிக்கொண்டால் வழியில் கிழிப்பதற்கே ஒன்றும் இருக்காது. கிழித்தே ஆகவேண்டிய உறையை முழுசாகக் கிழிக்காமல் மூலை ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுவிடுங்கள், காற்றில் பறக்காது. பழத்தோல் மக்கிவிடும் என்று தூக்கிப் போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. குளிரும் வறட்சியும் உள்ள உயரத்தில் ஓர் ஆரஞ்சுத் தோல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அது கிடப்பதுகூடப் பரவாயில்லை, அதைத் தின்னப் பழகிய எலியும் நரியும் கரடியும் முகாமைச் சுற்ற ஆரம்பிக்கும். மனிதச் சாப்பாட்டில் ருசி கண்ட கரடியை அதிகாரிகள் கொல்ல வேண்டிவருவது அமெரிக்கக் காடுகளில் திரும்பத் திரும்ப நடக்கிற கதை.

குப்பைத்தொட்டி வைத்தால் என்ன என்று கேட்பார்கள். தொட்டியை வைப்பதோடு வேலை முடிவதில்லை. இரண்டு நாள் நடைத் தொலைவில் இருக்கும் தொட்டியைக் காலி செய்ய ஆள் வேண்டும், ஆள் வராத நாளில் தொட்டி வழியும், இரவில் விலங்குகள் இழுத்துப் போடும். அதனால்தான் காட்டுக்குள் தொட்டியே வைக்காமல் கொண்டுவந்ததை எல்லாம் நீயே திரும்பக் கொண்டுபோ என்ற விதியை உலகம் முழுக்கப் பெரும்பாலான பாதைகள் வைத்திருக்கின்றன. எனக்கு அது சரியென்றே படுகிறது.

அப்புறம் மலம். இதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதே பாதி பிரச்சினை. காகிதம் கண்ணை உறுத்துகிறது, அதனால் எல்லோரும் காகிதத்தைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள். ஆனால் ஆளைப் படுக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாதது. 2022-ல் அமெரிக்காவின் மேற்கே மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் பசிபிக் கிரெஸ்ட் பாதையின் வாஷிங்டன் மாநிலப் பகுதியில் நடந்தவர்கள் பலருக்கு ஒரே சமயத்தில் வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. நோரோவைரஸாக இருக்கலாம் என்று சுகாதார அதிகாரிகள் விசாரித்தபோது சந்தேகம் போனது தண்ணீரின் மேல் மட்டுமில்லை, வழியில் எல்லோரும் ஒதுங்குகிற, மரத்தாலான ஒரு குடிலின் மேலும்தான். நோரோவைரஸ் நூறு துகளுக்கும் குறைவாக உள்ளே போனாலே நோயைக் கொடுக்கக்கூடியது. பலரும் பையில் தொங்கவிட்டிருக்கும் ஆல்கஹால் சானிடைசர் அதன் முன்னால் பலவீனம். பலரும் நம்பியிருக்கும் சின்ன நீர் வடிகட்டிகள் பாக்டீரியாவையும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியையும் தடுக்கும், வைரஸ் அளவுக்குச் சிறியதைத் தடுக்காது. ஆக சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவுவதற்கு மாற்று இல்லை. அந்தக் கழுவலும் ஓடைக்குள் இல்லாமல், பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு வந்து ஓடையிலிருந்து தள்ளி நடக்க வேண்டும்.

சரி, கழிவறை இல்லாத இடத்தில் என்ன செய்வது? குழி தோண்டு என்பது பழைய பதில். 1994-ல் அமெரிக்காவில் அமைப்பாக உருவான லீவ் நோ ட்ரேஸ் (தடம் விடாதே) சொல்லித்தரும் அளவு இது: 15 முதல் 20 செ.மீ. ஆழம், தண்ணீர், பாதை, முகாம் மூன்றிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி. பெரியவர் ஒருவர் நடந்தால் எழுபது, எண்பது காலடி. இருட்டில், அவசரத்தில், அந்த எழுபது காலடி யாருக்கும் நீளமாகத்தான் தெரியும், அதனால்தான் முந்தின மாலை வெளிச்சம் இருக்கும்போதே இடத்தைப் பார்த்து, முடிந்தால் குழியையும் தோண்டி வைத்துவிட வேண்டும் என்கிறேன். குச்சியாலோ ஷூ நுனியாலோ கிளறினால் ஐந்து செ.மீ. தாண்டாது. கைக்கடக்கமான ஒரு மண்வாரி வேண்டும், எடை அதிகமில்லாத அலுமினியத்தில் கிடைக்கிறது. மேலே இருக்கிற இலைதழையை ஒதுக்கினால் கறுப்பான, ஈரமான, வேர் ஓடிய மண் வரும். நுண்ணுயிர்கள் அதிகம் வேலை செய்வது அந்த மேல் அடுக்கில்தான். அதற்கும் கீழே மண் வெளிறிப்போய் இறுகலாக வரும், அங்கே போய்ப் புதைத்தால் பத்திரமாக மூடி வைத்த மாதிரி ஆகிவிடும், மக்காது. ரொம்ப மேலோட்டமாக இருந்தால் விலங்கு தோண்டும், மழை அரிக்கும். அந்த 15-20 செ.மீ. இந்த இரண்டுக்கும் நடுவில் கண்டுபிடித்த சமரசம். வேலை முடிந்ததும் கொஞ்சம் மண்ணைத் தள்ளி ஒரு குச்சியால் நன்றாகக் கலக்கிவிட்டு, குச்சியையும் உள்ளேயே விட்டு, மூடி, மேலே பழையபடி இலையைப் பரப்பினால் அடுத்த ஆள் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் அது சீக்கிரம் மண்ணாகிவிடும் என்று எண்ண வேண்டாம். மொண்டானா மாநில மலைகளில் நோய்க்கிருமி கலந்த மலத்தைப் புதைத்து வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1982-ல் வெளியானது. குளிர்காலம் முழுக்கத் தாண்டி அடுத்த கோடையிலும் அதில் சால்மொனெல்லா உயிரோடு இருந்தது. கொஞ்சம் ஆழமாகப் புதைத்தாலும் கொஞ்சம் மேலாகப் புதைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் டாய்லெட் பேப்பர், டிஷ்யூ, டாம்பன் மூன்றையும் பல வகை நிலங்களில் புதைத்து இரண்டு ஆண்டு வரை தோண்டிப் பார்த்தார்கள். சாதகமான மண்ணில் காகிதம் ஓரளவு சீக்கிரம் சிதைந்தது, குளிர்ந்த உயர் மலைப் பகுதிகளில் இழுத்துக்கொண்டே போனது, டாம்பன் எங்கேயும் லேசில் அசைந்து கொடுக்கவில்லை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முகாம், இரவுக்கு 40 பேர், நூறு நாள் பருவம். 4,000 குழிகள். 60 மீட்டருக்கு அந்தப் பக்கம் போகச் சொல்கிறோம், நூறு மீட்டருக்கு மேல் யாரும் போகமாட்டார்கள். இந்த இரண்டு வட்டத்துக்கும் நடுவில் உள்ள நிலம் ஏறத்தாழ 20,000 சதுர மீட்டர். பாறை, சரிவு, நீரோடை, அடர்ந்த முள் என்று பாதியைக் கழித்துவிட்டால் 10,000. ஆக இரண்டரை சதுர மீட்டருக்கு ஒரு குழி, ஒரே பருவத்தில். அடுத்த வருஷம் வருகிறவர் போன வருஷத்துக் குழியைத்தான் தோண்டுவார், கிருமி இன்னும் அதில் இருக்கலாம். நாற்பது பேரும் விதியை ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடித்தால் வருகிற நிலைமை இது. குழி தோண்டுவது ஆள் அரவம் குறைந்த காட்டுக்கான முறை. கூட்டம் சேருகிற முகாமுக்கு அதைச் சொல்லித்தருவதில் அர்த்தமில்லை. பாலைவனத்துக்கும் பனிக்கும் பாறைமேட்டுக்கும் அது பொருந்தவே பொருந்தாது, அங்கே மக்கவைக்கிற மண்ணே கிடையாது.

காகிதத்துக்கு வருவோம். குழிக்குள் போட்டாலும் விலங்குகள் கிளறி வெளியே இழுக்கும், மேல்மண் காற்றில் நகர்ந்தால் தானாகவே தலைகாட்டும். அதனால் காகிதத்தையும் கையோடு எடுத்துப்போ என்று இன்று பசிபிக் கிரெஸ்ட் பாதை முதல் பல இடங்களில் சொல்கிறார்கள். கேட்கவே குமட்டுகிறது என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உள்ளே தெரியாதபடி வெள்ளி டேப் சுற்றிய ஒரு ஜிப் பை, அதற்குள் இன்னொரு பை, நாற்றத்துக்குக் கொஞ்சம் சமையல் சோடா, இவ்வளவு போதும், இரண்டாவது நாள் அது உங்கள் பையில் இருப்பதே மறந்துபோகும். மாதவிடாய்ப் பொருட்களுக்கும் இதே பைதான் வழி. மாதவிடாய்க் கப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சுமையே இல்லை. வெட் வைப்ஸைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லை, பெரும்பாலானவற்றில் பாலியெஸ்டர் இழை இருக்கிறது, மக்கும் என்று பொட்டலத்தில் எழுதியிருந்தாலும் குளிர்ந்த மலை மண்ணில் அதை நம்பிப் புதைக்க முடியாது. தண்ணீரால் கழுவிக்கொள்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. சாதாரண பாட்டில் மூடியில் பொருத்திக்கொள்ளும் சின்னப் பீய்ச்சுகுழாய் ஒன்று போதும். அரை லிட்டர் தண்ணீரில் வேலை முடியும், மேற்கத்திய நடைப்பிரியர்கள் மத்தியிலும் இது பரவிக்கொண்டிருக்கிறது. கழுவிய தண்ணீர் குழிக்குள்ளேயே விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

காகிதத்தை எரித்துவிடலாமே என்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள். 2016 ஆகஸ்ட்டில் கேனரி தீவுகளில் ஒன்றான லா பால்மாவில் ஒருவர் அப்படி எரித்த காகிதம்தான் பெரிய காட்டுத்தீயாகப் பரவியது. ஒரு வன ஊழியர் அதில் உயிரிழந்தார். ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

அப்போது கழிவறை கட்டிவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் விஷயம் உண்மையிலேயே சுவாரசியமாகிறது, எனக்குத் தெரிந்து பலரும் சறுக்குவதும் இங்கேதான்.

ஒரு ஆள் ஒரு நாளைக்கு வெளியேற்றும் மலம் நூறிலிருந்து இருநூறு கிராம். சிறுநீர் ஒரு லிட்டருக்கு மேல். எடையில் ஏறத்தாழ பத்து மடங்கு. இரண்டும் ஒரே தொட்டிக்குள் விழுந்தால் அது கூழாகிறது, காற்றுப் புகாமல் புளித்துப்போய், அம்மோனியா வாடை கிளம்பி, புழு பூச்சி எதுவும் உயிர்வாழ முடியாத சேறாகிவிடுகிறது. மலைக் கழிவறைகளின் நாற்றத்துக்கு முக்கால்வாசிக் காரணம் மூத்திரம்தான். மக்கும் கழிவறை என்று பெயர் வைத்துக் கட்டிய பலவும் குளிர்ந்த உயரத்தில் மக்காமலே நிறைந்துபோவதற்கும் இந்த ஈரம் ஒரு பெரிய காரணம். அதை அள்ளிக் கீழே கொண்டுபோகிற எடையில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். அதனால் இப்போது புதிதாகக் கட்டுகிறவர்கள் முதலில் சிறுநீரைத் தனியாகப் பிரித்து மண்ணுக்குள் வடியவிடுகிறார்கள், மிஞ்சுவதை உலர விடுகிறார்கள்.

அப்பலாச்சியன் பாதையில் தன்னார்வலர்கள் கட்டிவைத்திருக்கும் ஒரு வகைக் கழிவறை எனக்கு ரொம்பப் பிடித்தது. பள்ளம் தோண்டுவதில்லை. தரைக்கு மேலே மரச்சட்டங்களை அடுக்கி இடைவெளி விட்டு ஒரு கூண்டு, அதன் மேல் உட்காரும் அறை. படியேறிப் போக வேண்டும். இடைவெளி வழியே காற்று ஓடும், பூச்சி வராமல் வலை. பக்கத்தில் ஒரு வாளி நிறைய மரச்சீவல், போனபின் ஒரு கைப்பிடி அள்ளிப் போட வேண்டும். மலத்தில் நைட்ரஜன் அதிகம், மரச்சீவலில் கார்பன் அதிகம், இரண்டும் சேர்ந்தால்தான் நுண்ணுயிர்களுக்குச் சமச்சீர் சாப்பாடு. சில இடங்களில் சிவப்பு மண்புழுக்களையும் விடுகிறார்கள். பல கழிவறைகளில் சிறுநீரைக் காட்டுக்குள் போய்விட்டு வரச் சொல்லி அறிவிப்பு இருக்கும், காரணம் மேலே சொன்னதுதான். ஒரு கூண்டு நிறைந்ததும் அறையைப் பக்கத்துக் கூண்டின் மேல் மாற்றிவிட்டு நிறைந்ததை ஓராண்டுக்கு மேல் அப்படியே விட்டுவிடுவார்கள். கடைசியில் அதைக் கிளறிப் பார்த்து எடுத்து மண்ணில் பரப்புகிறவர் சம்பளம் வாங்காத ஒரு தன்னார்வலர். அந்தக் குவியலுக்குள் நாம் போட்ட பிளாஸ்டிக் உறையும் வெட் வைப்ஸும் நாப்கினும் இருந்தால், அவற்றை ஒவ்வொன்றாகக் கவைக்கோலால் பொறுக்கி எடுப்பதும் அவர்தான். கழிவறைக்குள் குப்பை போடாதே என்ற அறிவிப்புக்குப் பின்னால் ஒரு மனிதரின் கை இருக்கிறது என்பதை நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

கூட்டம் அதிகமானால் மரச்சீவல் போதாது, சுமந்துதான் ஆகவேண்டும். டாஸ்மேனியாவின் 65 கி.மீ. ஓவர்லேண்ட் பாதையிலும் நியூசிலாந்தின் மலை விடுதிகள் பலவற்றிலும் நிறைந்த கழிவுத் தொட்டிகளை ஹெலிகாப்டர் தூக்கிப் போகிறது. அமெரிக்காவின் லாங்ஸ் பீக் மலையில் முன்பு ஊழியர்கள் கழிவை மண்வெட்டியால் அள்ளி வாளிகளில் நிரப்ப, ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமா விலங்குகள் அதைச் சுமந்து இறங்கின. சிறுநீரைப் பிரிக்கும் புதிய கழிவறைகளை அங்கே 2018-ல் கட்டினார்கள். இதற்கெல்லாம் காசு ஆகும். கட்டுவதற்கான பணத்தை யாராவது ஒரு தடவை கொடுத்துவிடுவார்கள், திறப்பு விழாவும் நடக்கும். வருஷா வருஷம் காலி செய்வதற்கான பணத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. மூன்றாவது பருவத்தில் கழிவறை நிறைந்துவிட்டால் கதவைப் பூட்டிவிடுவார்கள், அப்போது நடப்பவர்கள் எங்கே போவார்கள்? பூட்டிய கழிவறைக்குப் பின்புறம்தான்.

காலி செய்வதைப் பற்றி யோசிக்காமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஜப்பானின் ஃபூஜி மலையே சாட்சி. கோடையின் சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கானவர்கள் ஏறுகிற மலை. வழியில் இருந்த விடுதிகள் பருவம் முழுக்கச் சேர்த்துவைத்த கழிவைப் பருவம் முடிந்ததும் சரிவில் திறந்துவிட்டன. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிட, காகிதம் மட்டும் கறுப்பு எரிமலைக் கற்களின் மேல் வெள்ளை ஆறு மாதிரிப் படிந்து தூரத்திலிருந்தே தெரிந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் மரத்தூள் கொண்டு மக்கவைப்பது, கழிவை எரிப்பது போன்ற முறைகளில் புதிய கழிவறைகள் வந்தன, ஏறுகிறவர்களிடம் அதற்குக் காசும் கேட்டார்கள். 2013-ல் ஃபூஜி உலகப் பாரம்பரியச் சின்னமானது, இயற்கைச் சின்னமாக இல்லை, பண்பாட்டுச் சின்னமாக.

கழிவறையும் கட்ட முடியாது, குழியும் தோண்ட முடியாது என்ற இடங்களுக்குப் பைதான் வழி. கலிபோர்னியாவின் விட்னி மலையில் இருந்த கழிவறைகளை எடுத்துவிட்டு அனுமதிச் சீட்டோடு ஒரு பையைக் கையில் கொடுக்கிறார்கள். யூட்டா மாநிலத்தில் உள்ள சயான் பள்ளத்தாக்கின் நேரோஸ் பகுதியில் இரவு தங்குகிறவர்களுக்கும் பை கட்டாயம். வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலையில் நீலப் பை 1980-களிலிருந்தே பழக்கம். 2024-ல் எவரெஸ்ட் பகுதியின் உள்ளாட்சியும் ஏறுகிறவர்கள் பை வாங்கிப்போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றது. பைக்குள் ஒரு தூள் இருக்கும், ஈரத்தை உறிஞ்சி இறுக்கி நாற்றத்தைக் குறைக்கும். வெளியே கிழியாத இன்னொரு பை. அலாஸ்காவின் டெனாலியில் பைக்குப் பதில் திருகுமூடி போட்ட பச்சை டப்பா தருகிறார்கள், 2018-லிருந்து 14,200 அடி முகாமுக்குக் கீழே உருவாகும் மலம் முழுவதையும் மலையிலிருந்து கீழே கொண்டுவர வேண்டும் என்பது விதி. அதற்கு முன்னால் பனிப்பிளவுகளுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். பனியாறு அரைத்துக் கரைத்துவிடும் என்று நம்பினார்கள். பனிக்குள் புதைந்த மலத்தில் கிருமிகள் சாகவில்லை, பனியாறு நகர நகர அது கீழே ஒரு நாள் வெளியே வரும் என்று ஆய்வுகள் காட்டின.

பையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பாதை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், பிறகு மறந்துபோகும், இல்லையென்றால் வேறு வழியாக இறங்கிவிடுவார்கள். விட்னியில் கைவிட்ட பைகளைப் பொறுக்குவது ஊழியர்களுக்குத் தனி வேலை. இன்னும் சிலர் கீழே வந்ததும் பையைக் குழிக் கழிவறைக்குள் போட்டுவிடுகிறார்கள், அதை உறிஞ்சியெடுக்க வரும் லாரியின் குழாய் அடைத்துக்கொள்ளும். பையைக் கொடுக்கிறவர்கள் பை முடிகிற இடத்தையும் காட்ட வேண்டும்: பாதை முடியும் இடத்தில் பெரிய எழுத்தில், பூட்டாத, விலங்கு திறக்க முடியாத ஒரு தொட்டி.

ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதைப் பற்றிப் பேசினால் பலருக்குக் கோபம் வரும். மலை எல்லோருக்கும் பொது என்பார்கள். நியாயம்தான். ஆனால் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் மெக்சிகோ எல்லையிலிருந்து வசந்தத்தில் கிளம்புகிறவர்களுக்கு நாளுக்கு 50 அனுமதிதான். பெருவின் இன்கா பாதையில் சுமை தூக்குகிறவர்களையும் வழிகாட்டிகளையும் சேர்த்தே நாளுக்கு 500 பேர், அதோடு பிப்ரவரி முழுக்கப் பாதையை மூடிச் செப்பனிடுகிறார்கள். அப்பலாச்சியன் பாதையில் முழுத் தூரம் நடக்கிறவர்கள் மார்ச், ஏப்ரலில் ஒரே முனையில் குவியாமல் கிளம்பும் தேதியை முன்பே பதிந்து பரவலாகக் கிளம்பச் சொல்கிறார்கள், நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் நடக்கவும் ஊக்குவிக்கிறார்கள். மொத்த ஆள் குறையாவிட்டாலும் ஒரே இரவில் ஒரே முகாமில் சேருகிற ஆள் குறைந்தால் மேலே போட்ட கணக்கு அப்படியே மாறிவிடும்.

அறிவிப்புப் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு இதில் நிறையத் தப்பு நடக்கிறது. அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் பூங்காவில் கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் பார்வையாளர்கள் எடுத்துப் போவதைத் தடுக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடன் பணியாற்றியவர்களும் இரண்டு விதமான பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். பலர் எடுத்துப் போய்விட்டார்கள், பூங்கா அழிகிறது என்ற பலகை இருந்தபோது அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் ஏறத்தாழ 8 சதவீதம் காணாமல்போனது. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகை இருந்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவு. எல்லோரும் செய்கிறார்கள் என்று புலம்புகிற பலகை, செய்யலாம் என்று அனுமதி கொடுத்துவிடுகிறது. குப்பை மலையின் படத்தைப் போட்டு வெட்கப்பட வைக்கிற விளம்பரங்களை நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். பாதையின் தொடக்கத்தில், கையில் இன்னும் மண்வாரி வாங்க நேரமிருக்கும்போது, அடுத்த கழிவறை எத்தனை கி.மீ. என்று மட்டும் எழுதிவைத்த பலகை இதைவிட எவ்வளவோ உபயோகம். அடுத்தது 11 கி.மீ. என்று தெரிந்தால் ஆள் இங்கேயே போய்விட்டுக் கிளம்புவார்.

காசு கட்டிவைத்துத் திரும்ப வாங்கும் முறையும் எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. எவரெஸ்ட் ஏறும் குழு 4,000 டாலர் கட்ட வேண்டும், ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பை கொண்டுவந்தால் அது திரும்பக் கிடைக்கும் என்று நேபாளம் 2014-ல் விதி வைத்தது. எடை மட்டும்தான் கேட்டார்கள், எங்கிருந்து என்று கேட்கவில்லை. கீழ் முகாமில் எளிதாகக் கிடைத்ததைக் கொண்டுவந்தாலே கணக்கு நேராகிவிட்டது, மேல் முகாம்களின் குப்பை மேலேயே தங்கியது. அதே வட்டாரத்தில் மலையேறாமல் நடந்து மட்டும் போய்வருகிறவர்களிடம் ஒரு சின்ன முயற்சி நடக்கிறது. நாம்சே என்ற மலையூர்ப் பக்கம் துண்டாக்கிக் கட்டிய குப்பையை ஒரு கிலோ பைகளாக வைத்திருப்பார்கள், இறங்குகிறவர் ஒன்றை எடுத்துப் பையில் மாட்டிக்கொண்டு லுக்லா விமான நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம். அங்கிருந்து அது மறுசுழற்சிக்குக் காத்மாண்டு போகும். வண்டி போகாத ஊரில், இறங்குகிறவர்களின் பை ஏறும்போது இருந்ததைவிட எடை குறைந்திருக்கும் என்பதைக் கவனித்த யாரோ ஒருவரின் யோசனை அது. யாரையும் திட்டவில்லை, யாரிடமும் பணம் பிடிக்கவில்லை.

நீங்கள் ஒரு நீண்ட நடைக்குப் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால் நடத்துகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நாங்கள் தங்கும் இரவில் அந்த முகாமில் மொத்தம் எத்தனை பேர்? அங்கே கழிவறையைக் கடைசியாக எப்போது காலி செய்தார்கள், எடுத்ததை எங்கே கொண்டுபோனார்கள்? பை கொடுத்தால் அதை எங்கே போட வேண்டும்? முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதுக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்களிடம் மண்வாரியும் பையும் நாமே எடுத்துப்போவதுதான் பாதுகாப்பு, முகாமுக்குக் கீழே இருக்கிற ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கவும் வேண்டாம்.